சுவரில் தொங்கும் வின்செஸ்டர்

சாங்கியில் தரைவீடு ஒன்றில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பெரியவர் ஒருவர், வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெர்த் நகரிலுள்ள மகனோடு சேர்ந்திருக்கப் புறப்படுகிறார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சேர்த்த பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்து வருகிறார். தமிழ் நூல்களை எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். நூல்களைக் கட்டி முடித்தபின் கூடத்துச் சுவரைக் காட்டி, "இதையும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி, அறுநூறு வெள்ளி கொடுத்தால் போதும். தெரியாதவன் கைக்குப் போவதை மனம் ஒப்பவில்லை" என்றார். அங்கே தொங்கியது ஒரு நெம்புகோல் துப்பாக்கி. 1873-ஆம் ஆண்டு வின்செஸ்டரின் நகல். சுடாது. ஜப்பானில் செய்தது. அவர் வணிகக் கப்பலில் பணியாற்றிய காலத்தில் யோக்கஹாமா துறைமுகத்தில் வாங்கி வந்தாராம்.

வாங்குவதா வேண்டாமா என்று மூன்று வாரங்கள் எண்ணிப் பார்த்தேன். ஒரு தமிழாசிரியனுக்குத் துப்பாக்கியின்மேல் என்ன ஆசை என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவும் வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் சிவகாசிக்கு அருகில். வெடியும் காகிதமும் சோறு போடும் ஊர் அது. எங்கள் தலைமுறைச் சிறுவர்களுக்கு அவ்வூர் மூன்றாவதாக ஒன்றையும் தந்தது. சௌந்திரபாண்டியன் அவர்கள் 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸும், அவர் மகன் விஜயன் அவர்கள் 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் அங்கிருந்துதான் வந்தன. 1985-இல் லயனில் டெக்ஸ் வில்லர் தமிழ் பேசத் தொடங்கினார். மஞ்சள் சட்டை, நீலக் காற்சட்டை, அருகில் எப்போதும் முணுமுணுக்கும் நரைத்த தாடிக்காரர் கார்சன், கையில் வின்செஸ்டர். அரிசோனா எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் கரிசல் காடும் சீமைக்கருவேல முள்ளும் நிறைந்த எங்கள் ஊர்ப்புறம் அந்தப் படங்களைப் போலவே இருந்தது. அரிசோனா சாத்தூருக்கு அப்பால் எங்கோ இருப்பதாகவே நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

என் அண்ணன் அச்சகத்தில் வேலை பார்த்தவர். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். பனைமட்டையைச் செதுக்கி, பழைய குடைக்கம்பியை வளைத்துக் கீழே பொருத்தி, எனக்கு ஒரு வின்செஸ்டர் செய்து தந்தார். கம்பியை முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால் சடக்கென்று ஓசை வரும். எங்கள் வீட்டில் அதன் பெயரே சடக்குத் துப்பாக்கிதான். தீபாவளிக்குக் கடைகளில் கிடைத்த கேப் துப்பாக்கிகளை அண்ணன் மதித்ததே இல்லை. "அதில் என்னடா இருக்கிறது? விசையை அழுத்தினால் வெடிக்கும், அவ்வளவுதான்" என்பார். நெம்புகோலை இயக்கும்போது கை செய்யும் வேலைதான் அவருக்கு அழகு. ஒருநாள் உண்மையான வின்செஸ்டரைக் கையில் எடுத்து ஒருமுறை சடக்கிப் பார்க்க வேண்டும் என்று இறுதிவரை சொல்லிக்கொண்டிருந்தார். 2016-இல் காலமானார். பெரியவரின் சுவரைப் பார்த்தபோது எனக்கு அண்ணன் நினைவு வராமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

நிற்க. பொருளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

விசையைச் சுற்றியுள்ள வளையத்தை நீட்டி நெம்புகோலாக்கியிருப்பதுதான் இவ்வகைத் துப்பாக்கியின் அடையாளம். நெம்புகோலைக் கீழே தள்ளினால் உள்ளேயுள்ள மூட்டுகள் மடங்கி, அடைப்புத்தண்டு பின்னுக்கு வரும். சுட்டு முடிந்த வெற்றுக்கூடு மேலே எகிறி விழும். குதிரை பின்னால் சாய்ந்து அணியமாகும். குழலின் அடியில் இன்னொரு குழாய் உண்டு. தோட்டாக்கள் அதில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். அங்கிருந்து ஒன்று பின்னே வர, சிறு பித்தளைத் தூக்கி அதை மேலே ஏற்றும். நெம்புகோலைத் திரும்ப இழுத்தால் தோட்டா குழலுக்குள் புகுந்து கதவு மூடிக்கொள்ளும். இவ்வளவும் ஒரு நொடிக்குள் நடந்துவிடும்.

1860-இல் பெஞ்சமின் டைலர் ஹென்றி இதற்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய துப்பாக்கியில் அடிக்குழாயை முன்பக்கம் திறந்துதான் தோட்டா நிரப்ப வேண்டும். 1866-இல் நெல்சன் கிங் பக்கவாட்டில் ஒரு சிறு வாயிலை வைத்தார். 1873-இல் இரும்புச் சட்டகத்தோடு வந்ததுதான் நாம் படங்களில் காணும் வின்செஸ்டர். அரை நூற்றாண்டுக் காலத்தில் ஏறத்தாழ 720,000 துப்பாக்கிகள் செய்தார்கள். இத்தனை இருந்தும் அமெரிக்கப் படை இதைத் தன் முதன்மைத் துப்பாக்கியாக ஏற்கவில்லை. 1876-இல் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் கஸ்டரின் படையினர் ஒவ்வொரு முறையும் ஒரு தோட்டா போட்டுச் சுடும் ஸ்பிரிங்ஃபீல்டை வைத்திருந்தனர். எதிரே நின்ற லகோட்டா, செயென் வீரர்களிற் பலரிடம் ஹென்றியும் வின்செஸ்டரும் இருந்தன. முடிவு நாமறிந்ததே. காமிக்ஸ்கள் இச்செய்தியைப் பெரும்பாலும் தலைகீழாகத்தான் வரைந்தன.

நம் பக்கத்தில் நெம்புகோல் வேறு வடிவில் வந்தது. பிரித்தானியப் படையின் மார்ட்டினி ஹென்றியிலும் கீழே நெம்புகோல் உண்டு. ஆனால் அது ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி. 1857-க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்க்கு எப்போதும் ஒரு தலைமுறை பழைய துப்பாக்கியைத்தான் கொடுப்பது என்பது வெள்ளையரின் வழக்கமாக இருந்தது. வெள்ளைச் சிப்பாய் மார்ட்டினிக்கு மாறியபோது இந்தியச் சிப்பாய் கையில் ஸ்னைடர் இருந்தது. பொதுமக்களுக்கோ அதுவும் இல்லை. 1801-இல் மருது சகோதரர்களின் போர் முடிந்ததும் பாளையக்காரர் நாட்டில் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லி ஆணை போட்டார்கள். 1878-இல் இந்தியா முழுமைக்கும் ஆயுதச் சட்டம் வந்தது. எங்கள் ஊரில் துப்பாக்கி என்பதே ஜமீன் வீட்டிலும் காவல் நிலையத்திலும் மட்டும் இருக்கும் பொருளாகப் போனதற்குக் காரணம் இதுதான். இல்லாத பொருள்மேல் ஆசை வருவது இயல்பு. பனைமட்டையில் செய்துகொண்டோம்.

நகல் துப்பாக்கிகளின் கதையும் சுவையானதே. இத்தாலியில் கார்தோனே வால் திரோம்பியா என்னும் பள்ளத்தாக்கு ஊரில் பெரெட்டா குடும்பம் 1526 முதலே குழல் செய்து வருகிறது. அதே ஊரில் 1959-இல் ஆல்தோ உபெர்த்தி பழைய அமெரிக்கத் துப்பாக்கிகளின் நகல்களைச் செய்யும் பட்டறையைத் தொடங்கினார். அவை உண்மையிலேயே சுடும் நகல்கள். பின்னர் ஹென்றியும் 1866-உம் 1873-உம் அங்கே மறுபிறவி எடுத்தன. டெக்ஸ் வில்லரும் இத்தாலியர்தாம், 1948-இல் பொனெல்லியும் கல்லெப்பினியும் படைத்த பாத்திரம். நாங்கள் சிவகாசியில் கண்ட அமெரிக்கா முழுவதும் இத்தாலியர் கற்பனையில் விளைந்தது! இதை நான் வளர்ந்தபின் அறிந்தபோது ஏமாற்றம் வரவில்லை. பனைமட்டைக்காரர்கள் நாங்கள் மட்டுமல்லர் என்று மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

பெரியவரிடம் இருப்பது இத்தாலிய வகையன்று. ஜப்பானில் போருக்குப் பின் துப்பாக்கிச் சட்டம் மிகக் கடுமையானது. அதனால் அங்குச் சுடாத மாதிரித் துப்பாக்கி ஒரு தனிக்கலையாக வளர்ந்தது. உள்ளுறுப்புகள் எல்லாம் உண்மைபோல இயங்கும், சுட மட்டும் சுடாது. அவற்றைக் காட்டிக் கொள்ளையடிக்கத் தொடங்கியதால் 1971-இலும் 1977-இலும் அரசு அவற்றின்மேலும் கட்டுப்பாடு விதித்தது. உலோகக் கைத்துப்பாக்கி மாதிரிகளுக்கு வெள்ளையோ மஞ்சளோ பூசவேண்டியதாயிற்று. நீள்துப்பாக்கிகள் கறுப்பாகவே இருந்தன.

இரண்டாம் முறை போனபோது கையில் ஒரு காந்தத்தைக் கொண்டு போயிருந்தேன். சட்டகத்தில் காந்தம் ஒட்டவில்லை. ஆகவே அது எஃகன்று, துத்தநாகக் கலவை. குழலின் வாய்க்குள் உலோகத்தால் அடைத்திருந்தார்கள். உண்மையான வின்செஸ்டரின் குழல்மேல் இருக்கும் நியூ ஹேவன் ஊர்ப்பெயர் இதில் இல்லை. அடிக்கட்டை நல்ல மரம். இந்தக் கடற்காற்றிலும் பிளவின்றி இருப்பதற்கு அம்மையார் அவ்வப்போது எண்ணெய் தடவி வந்ததே காரணம். பழைய துத்தநாக வார்ப்புகளில் ஒரு நோய் உண்டு. கலவையில் ஈயம் போன்ற மாசு சேர்ந்திருந்தால், ஈரக்காற்றில் உலோகம் உள்ளிருந்தே நுண்ணிய வெடிப்புகள் விட்டு, ஒருநாள் பிஸ்கோத்தைப்போல உதிரும். அதற்கு மருந்தில்லை. நெம்புகோலின் மூட்டருகே மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. அது கீறலா நோயா என்று என்னால் சொல்ல முடியவில்லை. வாங்குபவர் எவரும் முதலில் பார்க்கவேண்டிய இடம் அந்த மூட்டுதான். நெம்புகோலின் சுமை முழுவதும் அங்கேதான் விழுகிறது.

அவர் அனுமதியோடு ஒருமுறை இயக்கிப் பார்த்தேன். சடக்கென்றது. குடைக்கம்பி ஓசையைவிடச் சற்றுக் கனமான ஓசை. அண்ணன் நாற்பது ஆண்டுகள் கேட்க விரும்பிய ஓசை எனக்கு அறுநூறு வெள்ளிக்குக் கிடைக்கிறது என்று தோன்றியது. அந்தக் கணத்தில் பணத்தை எடுத்துக் கொடுத்திருப்பேன். கையில் அவ்வளவு இல்லை.

இனிச் சட்டம். சிங்கப்பூரில் வாழும் அன்பர்கள் இதை முன்பே நினைத்திருப்பீர்கள். இந்நாட்டில் 1973-இல் வந்த ஆயுதக் குற்றச் சட்டத்தின்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் ஐந்து முதல் பத்தாண்டுச் சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. குற்ற நோக்கில் சுட்டால் மரண தண்டனை. அக்கால நிலை அப்படி. லிம் பான் லிம் என்ற கொள்ளைக்காரன் காவலர்களோடு சுட்டுச் சண்டையிட்டு மார்கரெட் டிரைவில் இறந்தது 1972-இல்தான். 2021 ஜனவரியில் நாடாளுமன்றம் துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுக்கென்று புதிய சட்டத்தை நிறைவேற்றியது. முப்பரிமாண அச்சுப்பொறியில் துப்பாக்கி செய்வதற்கான மின்வரைபடத்தை அனுமதியின்றி வைத்திருப்பதையும் அது விட்டுவைக்கவில்லை.

சுடாத நகலுக்கு இதெல்லாம் பொருந்துமா? உண்மைத் துப்பாக்கிக்குரிய தண்டனை பொம்மைக்கு வராது என்பது பொதுவறிவு. ஆனால் பொதுவறிவை நம்பிப் பொருள் வாங்க இது மிட்டாய் அன்று. மாதிரித் துப்பாக்கிகளையும், ஏன், விளையாட்டுத் துப்பாக்கிகளையும்கூட, நாட்டுக்குள் கொண்டுவரக் காவல்துறையின் உரிமப் பிரிவிடம் அனுமதி பெறவேண்டும். கைத்துப்பாக்கி வடிவிலான சிகரெட் லைட்டருக்கு இறக்குமதித் தடையே உண்டு. பயணிகள் நினைவுப்பொருளாக எடுத்துவரும் வெற்றுத் தோட்டாக்கூடுகூடச் சாங்கி விமான நிலையத்தில் சிக்கலை உண்டாக்கும். பெரியவர் வாங்கிவந்த காலத்தில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் வீட்டுச் சுவரில் அது தொங்கும்வரை யாருக்கும் தொல்லையில்லை. கைமாறும்போதுதான் கேள்வி எழும். அவர் விற்றவராவார், நான் வாங்கியவனாவேன், இருவரிடமும் ஒரு தாளும் இராது. சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்படும்வரை எத்தனையோ பொருள்கள் தாளில்லாமல் கைமாறின என்று பெரியவர் சொன்னார். மெய்தான். ஆனால் சந்தையில் வாங்கிய கடிகாரத்துக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு.

என் மனைவி சட்டத்தைப் பேசவில்லை. "இதை எப்படி வீட்டுக்குக் கொண்டு வருவீர்கள்?" என்று மட்டும் கேட்டாள். சாங்கி வில்லேஜிலிருந்து தெம்பனிசுக்கு 29-ஆம் எண் பேருந்தில் ஒரு நீளப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கும் என்னை நானே எண்ணிப் பார்த்தேன். வாடகைக் காரில் வந்தாலும் மின்தூக்கியில் அண்டை வீட்டார் கேட்பார்கள். கூடத்தில் மாட்டினால் தாழ்வாரத்தில் நடப்பவர் சன்னல்வழியே பார்ப்பார். அவர் 999-ஐ அழைத்தால் அவர்மேல் குற்றமில்லை. அழைப்பதே முறை. விரைந்து வரும் காவலர்களுக்குத் துத்தநாகத்துக்கும் எஃகுக்கும் வேறுபாடு பத்தடித் தொலைவிலிருந்து தெரியாது. படுக்கையறை அலமாரியில் பூட்டி வைக்கலாம். பூட்டி வைத்த நகல் யாருக்கு? வீட்டுக்கு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதையும் அவள் நினைவூட்டினாள். எங்கள் வீட்டில் வந்து போகும் மாணவர்கள் பலர். அலமாரியில் இருப்பது தெரிந்துவிட்டால் திருக்குறள் ஓடாது.

இவற்றையெல்லாம் மீறி வாங்கலாம் என்ற வழக்கறிவும் எனக்குள் பேசிக்கொண்டிருந்தது. அதற்குச் சாங்கியே சான்றும் கொடுத்தது. காஸ்ஃபோர்ட் சாலையில் ஜோகூர் பீரங்கி மேடை இருக்கிறது. மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றிருக்கிறேன். ஐந்தாம் ஜார்ஜ் அரசரின் வெள்ளிவிழாவுக்கு 1935-இல் ஜோகூர் சுல்தான் கொடுத்த ஐந்து லட்சம் பவுண்டின் பெரும்பகுதியில் எழுந்தவை அங்கிருந்த பீரங்கிகள். பதினைந்து அங்குல வாய் கொண்டவை மூன்று. கடலையே பார்த்துக்கொண்டிருந்தன, பின்னால் திரும்பவே முடியவில்லை என்பது பாதிப் பொய். மூன்றில் இரண்டு திரும்பக்கூடியவை, ஜோகூர்ப் பக்கம் சுடவும் செய்தன. சரணடைவதற்குமுன் பிரித்தானியரே அவற்றைத் தகர்த்தனர். அடிநிலச் சுரங்கங்கள் 1991-இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. இப்போது மேலே நிற்பது 2002-இல் வைத்த நகல்.

ஒரு மாணவி அங்கே, "இது பொய்யா சார்?" என்று கேட்டாள். பொய்யன்று, நகல் என்றேன். வேறுபாட்டை விளக்கச் சொன்னாள். உண்மைப் பீரங்கி நின்ற இடத்தில், அதே அளவில், இது நகல்தான் என்று பலகையும் வைத்து நிற்பது எதையும் மறைக்கவில்லை என்று விளக்கினேன். அரசே நகல் வைக்கும்போது நான் வைத்தால் என்ன என்று மூன்று வாரங்களில் பலமுறை எனக்கே வாதாடிப் பார்த்தேன். வாதம் நிற்கவில்லை. அந்தப் பீரங்கிக்கு அந்த மேட்டில் ஒரு வேலை இருக்கிறது. இந்த வின்செஸ்டருக்கு என் அலமாரியில் ஒரு வேலையும் இல்லை. அது நினைவூட்டவேண்டிய மனிதரை எனக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

அண்ணனும் கேட்டது கையில் எடுத்து ஒருமுறை சடக்கிப் பார்ப்பது. சொந்தமாக வைத்துக்கொள்வதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. இது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

வாங்கவில்லை என்று பெரியவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். முகம் சற்று வாடியது. "அப்போ என்னதான் செய்ய? பெர்த்துக்குக் கொண்டுபோக முடியாது என்கிறானே மகன்" என்றார். மகன் சொன்னது சரிதான். ஆஸ்திரேலியாவிலும் நகல் துப்பாக்கி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு உண்டு. குப்பைத் தொட்டியில் போட்டுவிடலாம் என்று அவர் மெல்லச் சொன்னபோது எனக்குத் திக்கென்றது. துப்புரவுப் பணியாளர் ஒருவர் விடியற்காலையில் அதைக் கண்டால் அவர் நிலை என்ன? காலையில் அவ்விடம் முழுக்கக் காவலர்தாம் நிற்பார்கள்.

காவல்துறையின் உரிமப் பிரிவுக்குத் தாமே முன்வந்து எழுதிவிடுவதுதான் வழி என்றேன். இன்ன ஆண்டில் இன்ன ஊரில் வாங்கியது, சுடாது, குழல் அடைபட்டது, வீடு மாறுகிறேன், ஒப்படைக்க விரும்புகிறேன், எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டு ஒரு கடிதம். அதைத் தூக்கிக்கொண்டு நேரே காவல் நிலையத்துக்கு நடந்து போகவேண்டாம் என்றும் சொன்னேன். நல்லெண்ணத்தோடு வருபவர் யார் என்று நெற்றியில் எழுதியிருப்பதில்லை. சட்டம் படித்த நண்பர் ஒருவர் கடிதத்தைப் பார்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். பெரியவரும் அரைமனத்தோடு இசைந்தார். அறுநூறு வெள்ளி போனதைவிட, சுவரில் வெளுக்காமல் நிற்கும் அந்த நீள வடிவத்தைப் பார்ப்பதுதான் அவருக்கு வருத்தம். வீட்டை வாங்குபவர் எப்படியும் சுண்ணாம்பு அடிப்பார் என்றார் அம்மையார்.

கடிதத்தை நான் எழுதிக் கொடுத்தேன். ஒரே ஒரு இடம் இன்னும் நிரப்பப்படாமல் இருக்கிறது. வாங்கியது 1978 என்கிறார் பெரியவர். மூத்த மகள் பிறந்த பிறகுதான் அது வீட்டுக்கு வந்தது, ஆகவே 1979 என்கிறார் அம்மையார். கப்பல் ஆவணப் புத்தகத்தைப் பெட்டிகளில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.